யாருடைய வண்டி என்று யார் கேட்டோம்?

அவைக்குத் தலைமை தாங்கும் எங்கள் கடைவீதிச் சங்கத் தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் மாநகராட்சி அலுவலர் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, பிள்ளைகளை மடியில் இருத்திக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே, இடமில்லாமல் படிக்கட்டில் நிற்கும் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

வீதியைத் துப்புரவாக்கியதற்காக நம்மை நாமே பாராட்டிக்கொள்ளும் விழா இது. வாழ்த்துரை வழங்கத்தான் என்னை அழைத்தார்கள். வாழ்த்த வாய் வரவில்லை. வெட்கம் வந்து வழிமறிக்கிறது.

பொது இடத்தில் கேட்பாரற்று நிற்கும் மிதிவண்டியை நகரம் என்ன செய்கிறது? சிவப்பு அட்டை கட்டுகிறது. சில நாள் பொறுக்கிறது. பிறகு சங்கிலியை வெட்டி, லாரியில் ஏற்றி, கிடங்கில் குவித்து, ஏலம் விடுகிறது. சட்டம் சரி. திட்டமும் சரி. ஆனால் கேட்பாரற்றது என்கிறோமே, கேட்டுப் பார்த்தவர் யார்?

மருந்துக்கடை வாசல் கம்பியில் நின்ற பச்சை வண்டி உங்களுக்கு நினைவிருக்கும். நம் கடைக் கண்ணாடிகளைத் துடைத்தவருடையது அது. ஏணியைத் தோளில் சுமந்துதான் நம் கடைக்கு வருவார். அவருக்கொரு வண்டி உண்டென்பதே நமக்குத் தெரியாது.

அட்டை கட்டிய அன்றே, அந்த மருந்துக்கடை மாடியில், தம் ஒற்றை அறையின் குளியலறையில் அவர் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. கைபேசியோ பழுதுபார்க்கும் கடையில். அறைக்கு நேர் கீழே மருந்துக்கடையின் பூட்டிக் கிடக்கும் சரக்கறை. கைக்கெட்டிய குழாயில் தண்ணீர் குடித்தே நாட்களைக் கடத்தினார். வாளியால் தரையைத் தட்டினார். கூப்பிட்டார், குரல் வற்றும்வரை கூப்பிட்டார்.

நாம் என்ன செய்தோம்? கண்ணாடியில் தூசி படிவதைப் பார்த்தோம். "ஆளைக் காணோமே, வேற ஆளப் போட்டுடலாமா?" என்று பேசிக்கொண்டோம். மாநகராட்சிக்குத் தொலைபேசி போட்டு, "அந்தத் துருப்பிடிச்ச வண்டிய எப்பதான் எடுப்பீங்க?" என்று அதட்டினோம். வண்டி எப்போது போகும் என்று கேட்டோம்; வண்டிக்காரர் எங்கே போனார் என்று கேட்டோமா?

பின்னாலிருந்து ஒரு தம்பி, "நமக்கெப்படித் தெரியும்?" என்கிறார். தெரியாதுதான் தம்பி. அந்தத் தெரியாமைதான் என்னைத் தலைகுனிய வைக்கிறது.

கேட்டவர் ஒருவர் உண்டு. இஸ்திரிக்கடை அக்கா. கருணையால் அல்ல, ஆசையால் கேட்டார். வேலைக்குப் போகும் மகளுக்கு ஒரு வண்டி வேண்டும். உடையவர் விற்பாரா என்று கடை கடையாக விசாரித்தார். நாம் கையை விரித்தோம். வண்டி நிற்கும் கடையின் மாடியிலும் கேட்டுவிடலாம் என்று ஏறினார். கதவுக்குப் பின்னால் முனகல். கத்தி ஆள் கூட்டி, கதவை உடைத்து உள்ளே போனவர், பதற்றத்தில் வேறு வார்த்தை வராமல், வந்த கேள்வியையே கேட்டாராம்:

"அண்ணே, கீழ நிக்கிற வண்டி உங்களுதா?"

தரையில் கிடந்தவர் சொன்னாராம்: "ஆமாம்மா. தள்ளி நிறுத்தணுமா?"

தள்ளி நிறுத்தணுமா! உயிர் ஊசலாடும் நேரத்திலும், யாருக்கோ இடைஞ்சலாக இருக்கிறோமோ என்று அஞ்சியிருக்கிறார் ஒரு மனிதர். அப்படி அஞ்சப் பழக்கியவர்கள் யார்? நீங்களும் நானும்தான்.

கேளுங்கள், இன்னும் இருக்கிறது. அவரை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் போன அன்று மதியமே லாரி வந்தது. சங்கிலி வெட்டப்பட்டது. "உடையவர் இருக்கிறார், மருத்துவமனையில் இருக்கிறார்" என்று சொல்ல வீதியில் ஒரு வாய் திறக்கவில்லை. அக்கா மட்டும் குறுக்கே நின்றார்.

"வண்டி உங்களுதாம்மா?" என்றார் ஊழியர்.

"இல்லீங்க."

"அப்ப நகருங்க."

நகர்ந்தார். நாம் வேடிக்கை பார்த்தோம்.

அலுவலர் அவர்களே, அட்டை கட்டும் முன் அக்கம்பக்கக் கதவைத் தட்டச் சொல்லுங்கள். உங்கள் ஆட்கள் வரும் முன் நாங்கள் தட்டுகிறோம். நெடுநாள் நகராத வண்டியைக் கண்டால் குப்பை என்று எண்ணாமல், அதன் மனிதருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறுகிறோம். இதுவே இன்றைய தீர்மானமாகட்டும்.

அவர் இன்னும் மருத்துவமனையில்தான் இருக்கிறார். வண்டியும் இன்னும் ஏலம் போகவில்லை. கிடங்குக் குவியலில் கிடக்கிறது. அதை மீட்க நாளைக் காலை நான் அங்கே போகிறேன். வருகிறவர்கள் வாருங்கள். நம் கண்ணாடிகளைத் துடைத்தவரின் வண்டியை ஒருநாள் நாம் துடைப்போம்.

பாராட்டு கேட்க வந்து பழியைக் கேட்டும் எழுந்து போகாத உங்கள் பெருந்தன்மைக்கு நன்றி. வணக்கம்.