மூணாவது லேன் பொம்மை

இல்ல மிஸ், பொம்மை மேல தப்பில்ல. சாரி, மேடம். கான்வென்ட்ல படிச்ச வாயி, யாரு நிக்கவச்சுக் கேள்வி கேட்டாலும் மிஸ்ஸுன்னுதான் வருது.

வேலைக்குச் சேர்ந்த புதுசுல இன்னும் மோசம். வெளியே சுடற பயிற்சியில நிஜத் துப்பாக்கி வெடிக்கும், நான் இந்த மேஜைக்கடியில இருப்பேன். இத்தனைக்கும் நடுவுல கான்கிரீட் சுவரு! அப்புறம்தான் தேறினேன். டேப்லெட்ல தட்டினா சக்கரம் வச்ச பொம்மை ஓடும், குண்டு பட்டா சாயும். ஒவ்வொண்ணு சாயும்போதும் ஒரு சாரி சொல்லுவேன். பசங்க எனக்கு சாரியக்கான்னே பேர் வச்சுட்டாங்க.

மூணாவது லேன்ல பொம்மை ஏன் விலகி ஓடிச்சுன்னா? அது வந்து... மண்ணு, மேடம். சக்கரத்துல மண்ணு. இல்லன்னா பேட்டரி. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாமே, அந்தக் கதைதான் நம்மளோடது.

ஓ. வீடியோவப் பார்த்துட்டீங்களா.

ஆமா, அது தானா ஓடல. அந்த லேன்ல சுட வந்தவர் குறி பார்க்கறது கேமராவுல தெரிஞ்சதும் நான்தான் விரலால இழுத்து அங்க இருக்கற மறைப்புச் சுவத்துக்குப் பின்னாடி ஒளிச்சேன். வீட்ல பாப்பாவோட ஒளிஞ்சு விளையாடற பழக்கம். தப்பிச்சதும் கை வேற தட்டினேன். அதுவும் பதிவாயிருக்கா? அய்யோ. கள்ளத்தனத்துக்கும் ஒரு சாமர்த்தியம் வேணும்ல!

தெரியும் மேடம், சுடற டெஸ்ட்ல தேறினவங்க இன்னிக்கே எல்லைக்குக் கிளம்பறாங்க. லாரிச் சத்தம் இங்கயே கேக்குதே. அவர் ஒருத்தர் சுட்டதுதான் ஒண்ணும் படல. டேய், பொம்மையே உன்னப் பார்த்து சிரிக்குதுடான்னு கூட இருக்கறவங்க ஓட்டறாங்க. பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா விரலு கேக்கல.

அவர் யாரா? எங்க வீட்டுக்காரர்தான். காலையில பாப்பாவுக்கு ஷூவ இடம் வலமா மாத்தி மாட்டிவிட்டுட்டு வந்திருக்காரு. கையில இருக்கறதே தெரியாத மனுஷன், தூரத்துல வர்றவனப் பார்த்துச் சுடுவாராம்.

மறுபடியும் டெஸ்டா? இப்பவேவா? சரி, இந்தாங்க டேப்லெட், நீங்களே ஓட்டுங்க.

மேடம், வேகத்த ஏன் குறைக்கறீங்க? எனக்காகவா? வேணாம் மேடம். எப்படியும் அனுப்பப் போறீங்கன்னா நல்லா வேகமாவே ஓட்டுங்க. அங்க வர்றவங்க இவருக்காக நின்னுக்கிட்டா இருக்கப் போறாங்க?