திட்டு விழாத கற்கள்

உங்கள் மேசையில் இருக்கும் அந்த நீலக் கல்லைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஐயா. அது பொய்க்கல் இல்லை. உள்ளே இருப்பது அசல் படிகம்தான். நிறம் மட்டும் நாங்கள் ஏற்றியது. அடியில் உடைந்த இடத்தைப் பாருங்கள், கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். சாய்த்துப் பிடித்தால் மேலே ஊதாவும் பச்சையும் ஓடும். நிறம் ஏற்றாத படிகம் இப்படி மினுங்காது. வாங்குகிறவர்கள் அதையெல்லாம் யோசிப்பதில்லை.

பெரிய தொழிற்சாலைகளில் காற்றை உறிஞ்சி எடுத்த தொட்டிக்குள் உலோகத்தை ஆவியாக்கிக் கல்லின்மேல் படியவைப்பார்கள். எங்களுக்கு அந்த வசதியெல்லாம் ஏது? கடைக்குப் பின்னால் ஓர் அறை, ஒரு சூளை, என் தம்பி. சூடேறிய கல்லின்மேல் அவன் உலோக உப்புக் கரைசலைத் தெளிப்பான். அப்போது எழும் புகை பொல்லாதது. ஆனால் காற்று பட்டால் நிறம் திட்டுத்திட்டாகிவிடும். அதனால் ஜன்னலை ஆணி அடித்து மூடினேன். முகமூடி ஒன்றுதான் இருந்தது. உள்ளே எட்டிப் பார்க்கும்போது நான் போட்டுக்கொள்வேன்.

தம்பி இருமத் தொடங்கினான். நானே டாக்டரிடம் கூட்டிப்போனேன். என்ன வேலை என்று அவர் கேட்டார். "கடையில கல்லாவுல உக்காந்திருக்கான் டாக்டர்" என்று நான் முந்திக்கொண்டேன். தம்பியும் ஆமாம் என்று தலையாட்டினான். சின்ன வயதிலிருந்தே எனக்கு மறுபேச்சுப் பேசாதவன்.

அன்றைக்குப் பெரிய ஆர்டர். அவன் அடிக்கடி கதவைத் திறந்து மூச்சு வாங்கியதில் பாதிக் கற்கள் வீணாகிவிட்டன. நான் கோபப்படவில்லை. கதவை வெளியே தாழ் போட்டேன், அவ்வளவுதான்.

"அண்ணே, மூச்சு முட்டுதுண்ணே. கொஞ்சம் திறங்கண்ணே."

"இன்னும் ஒரு ஈடு கல்லுதான்டா. முடிச்சுட்டு வா."

கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தட்ட ஆரம்பித்தான். கடையில் ஆள் இருந்ததால் ரேடியோ சத்தத்தைக் கூட்டினேன். தட்டுவது நின்றதும், நம் பிள்ளை புரிந்துகொண்டான் என்று நிம்மதியாக இருந்தது. வந்தவரிடம் வியாபாரம் பேசி அனுப்பிவிட்டுத்தான் திறந்தேன். கதவோரம் கிடந்தான். கடைசி ஈட்டை முடித்து மூலையில் ஆற வைத்திருந்தான்.

கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் கற்களை நீங்கள் பார்க்க வேண்டும், ஐயா. ஒன்றில்கூடத் திட்டு இல்லை. இருந்து பார்த்திருந்தால், அண்ணன் சொன்னது சரிதான் என்று அவனே ஒப்புக்கொண்டிருப்பான்.