இருநூறு சதவீதம்

பத்தொன்பது நாட்கள் எங்கள் மருந்தகத்தில் எழுத்துகள் பெரிதாக இருந்தன. யாரும் குறை சொல்லவில்லை. எழுத்து பெரிதாக இருந்தால் யார் குறை சொல்லப்போகிறார்கள்.

அதற்கு முன் ஒரு காலை முழுக்கக் குறைதான். மருத்துவமனைக்குப் புதிய கணினித் திரைகள் வந்திருந்தன. அகலமானவை, புள்ளிகள் மிக நெருக்கமானவை. படம் பார்த்தால் ஜன்னல் வழியே பார்ப்பதுபோல் இருக்கும். ஆனால் நாங்கள் பார்ப்பது மருந்து வழங்கும் மென்பொருளை. அது பழையது. ஓர் எழுத்துக்கு இத்தனை புள்ளி என்று கணக்கு வைத்துச் செய்தது. புள்ளிகள் சிறுத்ததும் எழுத்தும் கூடவே சிறுத்துவிட்டது.

தலைமை மருந்தாளுநர் என் அண்ணி. அண்ணன் மனைவி. இந்த வேலையை வாங்கித் தந்தவர் அவர்தான். இதை நான் மறைக்கவில்லை. மறைக்கவும் முடியாது, அவரே வார்டு வார்டாகச் சொல்லியிருக்கிறார்.

அன்று மூக்கு முட்டும் அளவுக்குத் திரையிடம் குனிந்துவிட்டு, மருந்து வாங்க வந்து நின்ற செவிலியரிடம் சொன்னார்:

"இது திரையா, அரிசியில பேர் எழுதித் தருவாங்களே, அந்தக் கடையா? எங்க ஊமையக் கூப்பிடு. அதுக்கு வாய்தான் இல்ல, கண்ணு இருக்கு."

"பாவம் அக்கா, விடுங்க" என்று செவிலியர் சிரித்தார்.

"என்ன பாவம்? கெமிஸ்ட்ரி படிச்சிட்டு வீட்ல சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்துச்சு. நாந்தான் இழுத்துட்டு வந்தேன். என்ன ஊமை, சரிதானே?"

"சரிதான் அண்ணி" என்றேன்.

ஊமை என்பது நான். வீட்டில் வைத்த பெயர் என்னோடு வேலைக்கும் வந்துவிட்டது. அதில் எனக்குக் கோபம் கிடையாது. அன்பாகத்தான் கூப்பிடுவார். ஒருமுறை எனக்குக் காய்ச்சல் வந்தபோது நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தார். மறுநாள் அதையும் எல்லோரிடமும் சொன்னார்.

கணினியில் எழுத்தளவைக் கூட்டும் இடம் எனக்குத் தெரியும். நூறு சதவீதம், நூற்றைம்பது, இருநூறு. அண்ணியின் திரையில் இருநூறு வைத்தேன். அவர் நாற்காலியில் சாய்ந்து, "இப்பத்தான் உயிர் வந்துச்சு" என்றார்.

அவர் தேநீர் குடிக்கப் போனதும் சரிபார்த்தேன். எதையும் சரிபார்க்காமல் விடுகிறவள் அல்ல நான். பழைய திரைகள் உயரமானவை, புதியவை தட்டை. இருநூறில் மென்பொருளின் பக்கம் திரையைவிட உயரமாகி, அதன் கடைசி வரி விளிம்புக்குக் கீழே போய்விட்டது. உருட்டிப் பார்க்கவும் அதில் வழியில்லை.

அந்தக் கடைசி வரி ஒவ்வாமை. இந்த நோயாளிக்கு இந்த மருந்து ஆகாது என்று சேர்க்கையின்போது பதிகிற வரி. ஒவ்வாமை இருப்பவர்களுக்கு மட்டும் அது தோன்றும், மற்றவர்களுக்கு அந்த இடம் வெறுமையாக இருக்கும். அதனால் அது மறைந்தாலும், மறைந்ததாகத் தெரியாது.

நூற்றைம்பதையும் வைத்துப் பார்த்தேன். எழுத்து படிக்கும்படி இருந்தது. கடைசி வரியும் இருந்தது.

மறுபடி இருநூறில் வைத்துவிட்டு என் இடத்துக்கு வந்தேன். அண்ணிக்கு இருநூறு பிடித்திருந்தது. அவருக்குப் பிடிக்காத எதையும் நான் செய்ததில்லை. என் திரையில் நூறே போதும், எனக்குக் கண் நன்றாக இருக்கிறது.

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அண்ணி பச்சை மையில் சுழி போட்ட மருந்து உறை போனால் வார்டில் மறுபடி பார்க்க மாட்டார்கள். எழுதிக் கொடுக்கும் மருத்துவர் மூன்று வார்டுகளுக்கு ஒருவர். அவரும் அந்தச் சுழியைத்தான் நம்பினார். இருபது வருடமாக அது தப்பியதில்லை.

முதல் வாரத்தில் ஒரு கிழவருக்கு ஆகாத மருந்து உறைக்குள் போனது. நான் பார்த்தேன். உறையை எடுத்துக்கொண்டு மாடி ஏறி, மருத்துவரிடம் காட்டி, வேறு மருந்து எழுதி வாங்கி வந்தேன். யாரோடும் அதிகம் பேசவில்லை. மறுநாள் அந்த மருத்துவர் எங்கள் ஜன்னலில் தலையை நீட்டி அண்ணியிடம், "உங்க டிபார்ட்மெண்ட் இருக்கிற வரைக்கும் எனக்குத் தூக்கம் கெடாது" என்றார்.

"நான் இருக்கேன்ல டாக்டர்" என்றார் அண்ணி. என்ன விஷயம் என்று கேட்கக்கூட இல்லை.

அதன் பிறகு நான் மாடி ஏறவில்லை.

நான் விரும்பியது சிறிய தவறு. உடம்பெல்லாம் தடிப்பு, ஒரு நாள் அரிப்பு, ஒரு புகார். அண்ணி ஒரே ஒரு முறை எல்லோர் முன்னாலும் வாயடைத்து நிற்க வேண்டும். அவ்வளவுதான். இது பெரிய ஆசை இல்லை என்று இப்போதும் நினைக்கிறேன். எந்த உடம்பு தடிக்கும், எது நின்றுபோகும் என்று முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது. படித்தவளாகச் சொல்கிறேன்.

பத்தொன்பதாம் நாள் வந்தவர் தையல்காரர். மிஷின் ஊசி விரலில் ஏறிச் சீழ் பிடித்திருந்தது. பென்சிலின் ஆகாது என்று அவர் மனைவி சேர்க்கை மேசையில் திரும்பத் திரும்பச் சொன்னாராம். மேசையிலும் ஒழுங்காகப் பதிந்திருந்தார்கள். எல்லோரும் அவரவர் வேலையைச் செய்திருக்கிறார்கள். ஊசி போட்ட சிறிது நேரத்தில் அவருக்கு மூச்சு நின்றுவிட்டது. விரல் வலிக்காக வந்தவர்.

அண்ணியைப் போலீசார் அழைத்துக்கொண்டு போனார்கள். அப்போது அவர் வாயடைத்துத்தான் நின்றார். நான் நினைத்திருந்த அளவுக்கு அது எனக்கு நிறைவாக இல்லை.

விசாரணை அறிக்கையை அண்ணன் வீட்டுக்குக் கொண்டுவந்தார். பழைய மென்பொருள், புதிய திரை, தலைமை மருந்தாளுநரின் கவனக்குறைவு என்று பதினோரு பக்கம். என்னைப் பற்றி ஒரே வாக்கியம்: உதவியாளர் அனுபவமற்றவர், இந்தக் குறையை அவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. அதைப் பல தடவை படித்தேன்.

அண்ணனுக்குக் கண் வீங்கியிருந்தது. "உன்ன இதுல இழுக்கவே கூடாதுன்னு உங்க அண்ணி சொல்லிட்டாம்மா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது, சின்னப் பொண்ணு, அவ பொழப்பாவது நிக்கட்டும்னா."

சிறைக்குப் போகும்போதும் எனக்கு ஏதாவது கொடுத்துவிட்டுத்தான் போவார். அதையும் அண்ணன் வாயால் சொல்லவைப்பார். அதனால்தான் உங்களிடம் வாக்குமூலம் தர வந்தேன். மனசாட்சி என்று தயவுசெய்து எழுதிக்கொள்ளாதீர்கள். அறிக்கையில் பிழை இருக்கிறது. அதைத் திருத்த வந்தேன்.

இன்னொரு பிழையும் உண்டு. யாரிடமும் கேட்காமல் தானே அனுப்பியதாக அண்ணி சொல்லியிருக்கிறார். அது பொய்.

உறையில் சுழி போடும் முன் அவர் பேனாவை நிறுத்தினார். "மூணு வாரமா ஒருத்தருக்கும் ஒவ்வாமைன்னே வரலையே, என்னமோ இடிக்குது" என்றார். நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "என் கண்ண நம்ப முடியல. உன் திரையில பாத்துச் சொல்லு, இந்தத் தையக்காரருக்குக் கீழ ஏதாவது போட்டிருக்கா?"

ஊமை என்று கூப்பிடவில்லை. அன்றைக்கு என் பெயரைச் சொல்லித்தான் கேட்டார்.

என் திரையில் அந்த வரி இருந்தது. பென்சிலின், கடுமையானது. பொடி எழுத்துதான், ஆனால் தெளிவாக இருந்தது. முழுக்கப் படித்தேன்.

"ஒண்ணும் இல்ல அண்ணி" என்றேன்.