ஒலிவ் தோட்டத்துக்குள்ளாலை தவறணைக்கு

காத்து வாங்கப் போறதெண்டால் கடற்கரை இல்லையோ, பிள்ளை? பலேர்மோவிலை கடல் வத்திப்போச்சோ? பொம்பிளை பாக்க வாறதெண்டால் எங்கடை வீட்டை வந்து, நான் சுட்ட பற்றிஸைத் திண்டு, தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போறதுதானே முறை. இவைக்குக் காடு மேடெல்லாம் நடக்கோணுமாம். சீலை கட்டிக்கொண்டு ஆரும் மலை ஏறிக் கண்டிருக்கிறியளோ? இருங்கோ, இருங்கோ, பையை மடியிலை வையுங்கோ, இடம் கிடக்கு. எங்கடை ஆக்கள் பஸ்ஸின்ரை பின் சீற்றிலை இருக்கினம். நான் அவையோடை கதைக்கிறேல்லை.

தமிழ் முகம் எண்டபடியாத்தான் உங்களுக்குச் சொல்லுறன். நான் யோசப்பின், ஊர் மன்னார். இப்ப போர்கோ வெக்கியோவிலை இருக்கிறம். பின்னாலை யன்னல் கரையிலை சப்பாத்தில்லாமல் வெறும் மேசோடை ஒருத்தர் இருக்கிறாரே, அவர்தான் என்ரை மனிசன், வலன்ரைன். அவரின்ரை சப்பாத்து என்ரை காலிலை. அதுக்கும் கதை இருக்கு.

மகள் அமலினிக்கு முப்பதுக்குக் கிட்ட. பல்லு டொக்டரிட்டை வேலை. மூண்டு இடம் பேசி மூண்டும் சரிவரேல்லை. முதல் பொடியன் சிரிச்சால் பல்லு முரசு மட்டும்தான் தெரியும். பல்லு டொக்டரிட்டை வேலை செய்யிற பிள்ளைக்கு அது பொருந்துமோ? ரெண்டாவதின்ரை தாய், மற்ற ஆளை வாய் திறக்க விடாத மனிசி. எனக்கு அப்பிடி ஆக்களைக் கண்ணிலை காட்டேலாது. மூண்டாவது கற்றானியாவிலை. அங்கை ஆர் போய் வாறது? நான்தான் வேண்டாமெண்டு சொன்னனான்.

இது நாலாவது. பிறின்ஸ். கபோவிலை தாயோடை இருக்கிறான், தேப்பன் இல்லை. நல்ல பொடியன்தான், இந்த நடக்கிற விசரைத் தவிர.

பஸ்ஸாலை இறங்கினவுடனை ஒலிவ் தோட்டம். பொடியன்ரை தாய் றெபேக்கா, ஓட்டச் சப்பாத்தும் தொப்பியும் போட்டுக்கொண்டு ஆமிக்காரி மாதிரி முன்னாலை போறா. நான் சீலைத் தொங்கலைத் தூக்கிக்கொண்டு பின்னாலை. முள்ளு, கல்லு, ஆட்டுப் புழுக்கை. இதைப் பாக்க வெள்ளைக்காரன் பிளேன் ஏறி வாறானாம். பாதி வழியிலை செருப்பு வார் அறுந்துபோச்சு. மனிசன் ஒரு கதையுமில்லாமல் தன்ரை சப்பாத்தைக் கழட்டித் தந்தார். அப்பவே எனக்கு விளங்கியிருக்கோணும். கலியாணம் கட்டின நாளிலை இருந்து அந்தாள் எனக்கொரு குடை பிடிச்சதில்லை.

வழி நெடுக நான் மகளைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டு வந்தனான். ஒரு பூசை தவற விடமாட்டாள், கணவாய்க் கறி வைச்சாளெண்டால் தெருவே மணக்கும் எண்டு. முட்டை அவிக்கத் தெரியாது, அது வேறை. நடுவிலை அவள், "அம்மா, ஒரு விசயம்" எண்டாள். பொறு பிள்ளை எண்டன். மனிசனும் இஞ்சை பாருமெண்டு துவங்கினார். அவரையும் பொறுக்கச் சொன்னன். நான் பொம்பிளைக்குப் பேசிக்கொண்டிருக்கிறன், உவைக்கு ஒரு அவசரம்.

கடைசியிலை ஒரு ஊர் வந்தது. கோயில் பூட்டு, கடை பூட்டு, திறந்து கிடந்தது வைன் விக்கிற ஒரு தவறணை மட்டும். உள்ளை நாலு கிழடுகள் சீட்டு விளையாடுதுகள். மாதா சத்தியமா நான் உதுக்குள்ளை கால் வைக்கமாட்டன் எண்டு வாசலிலை நிண்டு சொன்னன். ஆனால் மூத்திரம் முட்டினால் மாதா மன்னிக்கத்தானே வேணும். ஓடிப்போய்த் திரும்பி வாறன், மேசையிலை பாண், ஒலிவ் காய், ஒரு கூசா வைன். ஒருத்தரும் தொடேல்லை. எல்லாரும் என்னைத்தான் பாக்கினம்.

றெபேக்கா என்ரை கையைப் பிடிச்சா. "யோசப்பின் அக்கா, பிள்ளையளுக்குப் போன மாதமே கொமூனே ஒபிசிலை கலியாண எழுத்து முடிஞ்சுது."

சாட்சிக் கையெழுத்து வைச்சது ஆரெண்டு கேட்டன். வலன்ரைன் ஒலிவ் காயையே பாத்துக்கொண்டிருக்கிறார். விசாப் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கப் பொலிஸ் குவெஸ்தூராவுக்குப் போறன் எண்டு வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு போன மனிசன், பிள்ளை. அந்தச் சேட்டை மினுக்கிக் குடுத்ததே நான்.

முன்னாலை இருந்த கிளாஸை எடுத்து ஒரே மடக்கிலை குடிச்சுப்போட்டன். இதைச் சொல்லவோ என்னை இவ்வளவு தூரம் நடத்திக் கொண்டுவந்தனீங்கள் எண்டு கேட்டன். வீட்டிலை சொன்னால் மாமி அறைக்குள்ளை போய்க் கதவைச் சாத்திப்போடுவா, இஞ்சை பஸ் வரும்வரைக்கும் போறதுக்கு இடமில்லை எண்டு பிறின்ஸ் சொல்லுறான். மூளை உள்ள பொடியன், அதை ஒத்துக்கொள்ளத்தான் வேணும்.

அமலினி அழுதாள். "ஒளிக்கோணுமெண்டு நினைக்கேல்லை, அம்மா. எத்தினை தரம் சொல்ல வந்தனான்? நீங்கள் ஒரு வசனம் முடிக்க விட்டால்தானே."

அது சுட்டுப்போட்டுது, பிள்ளை. எழுத்து எழுதினது கூட அவ்வளவு சுடேல்லை. பெத்த பிள்ளை என்னோடை கதைக்க இடம் தேடித் திரிஞ்சிருக்கிறாள். கிழடுகளும் சீட்டைக் கவிட்டு வைச்சிட்டு எங்களைப் பாக்குதுகள், தமிழ் விளங்கின மாதிரி. நான் இன்னொரு கிளாஸ் வாத்தன். றெபேக்காவும் ஒண்டு வாத்து, என்னை விடக் கெதியாக் குடிச்சா. அப்பதான் அவவிலை எனக்கொரு இது வந்தது.

பேந்து நான் ஒண்டும் கதையாமல் வந்து பஸ்ஸிலை ஏறிட்டன். பயப்பிடட்டும் எண்டுதான். ஆனால் பின்னாலை கேளுங்கோவன், சிரிச்சுக் கதைக்கினம். என்ரை மனிசன்கூட. அந்தாளுக்கு இவ்வளவு கதை இருக்கெண்டு எனக்கு இண்டைக்குத்தான் தெரியும்.

சரி, கோயில் கலியாணம் எண்டு ஒண்டு கிடக்குத்தானே. ஆவணியிலை வைச்சால் நல்லம். சீலை ஊரிலை இருந்து எடுப்பிக்கோணும், சாமியாரைப் பிடிக்கோணும்... இல்லை, முதல் அமலினியைக் கேக்கோணும், அவளுக்கு என்ன விருப்பமெண்டு. இறங்கினவுடனை வாயை மூடிக்கொண்டு அவளைக் கதைக்க விடப்போறன். முழுக்க. எனக்கென்ன கேக்கத் தெரியாதோ...

என்ன பிள்ளை, எழும்பிறியள்? ஸ்தாசியோனே சென்ட்ராலே, கடைசி இறக்கம், எல்லாரும்தானே இறங்கிறம். என்ன? உங்கடை இறக்கம் முந்தியே போட்டுதோ? எங்கை? அட, அது நாங்கள் ஏறிக் கொஞ்சத்திலை வந்ததெல்லோ.

ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, பிள்ளை.