குறையாத டம்ளர்

ஓட்டு கேட்டுப் போகிற வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்க வேண்டும். இரண்டு முறை கவுன்சிலராக ஜெயித்து நான் கற்றுக்கொண்ட அரசியல் மொத்தமும் இவ்வளவுதான். நோட்டீஸைக் குப்பையில் போட்டுவிடுவார்கள். பேச்சை அந்தக் காதில் வாங்கி இந்தக் காதில் விட்டுவிடுவார்கள். ஆனால் தன் வீட்டு டம்ளரைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் கிடைக்குமா?" என்று கேட்டவனுக்கு எதிராக ஓட்டுப் போட யாருக்கும் கை வராது. ஒரு நாளைக்கு அறுபது வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மக்கள் சேவையில் எவ்வளவு உடல் வருத்தம் இருக்கிறது என்பது வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது.

நீங்கள் கடிதத்தைப் பற்றிக் கேட்டீர்கள். சொல்கிறேன். எதையும் மறைக்கிற பழக்கம் எனக்கு இல்லை, அதற்கான நேரம் வரும்வரை காத்திருக்கிற பழக்கம்தான் உண்டு.

முதலில் ரோட்டைச் சொல்ல வேண்டும். தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் புது வேலை எதையும் தொடங்கக் கூடாது என்பது விதி. ஆகவே அறிவிப்புக்கு முந்தைய வாரம் எங்களைப் போன்றவர்களுக்கு எங்கிருந்தோ ஒரு சுறுசுறுப்பு வந்துவிடும். என் வார்டின் கடைசித் தெரு பத்து வருஷமாக மேடும் பள்ளமுமாகக் கிடந்தது. அதை நான்கே நாளில் பளபளவென்று மாற்றினேன். என் போஸ்டரில் பாதி நான், பாதி அந்த ரோடு. பார்த்தவர்கள் ரோடுதான் நன்றாக விழுந்திருக்கிறது என்றார்கள்.

அவசரத்தில் தோண்டிய இயந்திரம் அடியில் இருந்த குடிநீர்க் குழாயை எங்கோ இடித்துவிட்டது. பக்கத்திலேயே சாக்கடை. இரண்டும் ஒன்றோடு ஒன்று பேச ஆரம்பித்தது எனக்கு அப்போது தெரியாது. வாக்குப் பதிவுக்கு இருபத்திரண்டு நாள் இருக்கும்போதுதான் தெரிந்தது. அன்றைக்குத்தான் தண்ணீர்ப் பிரிவு என்ஜினீயர் பரிசோதனை முடிவைக் கடிதமாக எழுதி ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்தார்.

"சார், அந்தத் தெருத் தண்ணிய யாரும் குடிக்கக் கூடாது. லைனை மூடிட்டு ரோட்டைத் தோண்டணும். பத்து நாள் வேலை" என்றார்.

"எந்த ரோட்டை?" என்று கேட்டேன். தெரிந்துதான் கேட்டேன்.

அவர் என் தலைக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரைப் பார்த்தார். நல்ல மனிதர், கையில் இருந்த கவரை நீட்டினார்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு நடைமுறை உண்டு. வரும் கடிதத்தின் மூலையில் தபால் பிரிவு ஊழியர் தேதி முத்திரை குத்த வேண்டும். முத்திரை விழாத கடிதம் இன்னும் வந்து சேராத கடிதம். அதற்கு யாரும் பதில் சொல்லத் தேவையில்லை. கவரை நானே வாங்கிக்கொண்டேன். "நானே முத்திரை போட்டு வாங்கிக்கிறேன். நீங்க வெயில்ல அலையாதீங்க" என்றேன். வாக்குப் பதிவு முடியும்வரை அது என் காரில், முன் சீட்டுக்கு மேலே மடித்து வைக்கும் வெயில் தடுப்புக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது. நகல் ஒன்றை அவர் எடுத்து வைத்திருந்தார் என்பது இப்போது உங்கள் மேசையில் பார்க்கும்போதுதான் தெரிகிறது.

என்னை எதிர்த்து நின்றவர் பம்ப் ஹவுஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊரே அவரை மோட்டார்காரர் என்றுதான் கூப்பிடும். தண்ணீரைத் தவிர வேறெதுவும் தெரியாத மனிதர், என் துரதிர்ஷ்டம் அந்தத் தேர்தலில் தண்ணீர்தான் பிரச்சினையாக வர வேண்டுமா? கலங்கிய தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு முனைக்கு முனை காட்டினார். நான் லைனை மூடியிருந்தால் அவர் சொன்னது உண்மை என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாக ஆகும். ஒரு வேட்பாளர் தன் எதிராளிக்கு இதைவிடப் பெரிய உதவி செய்ய முடியாது.

ஆகவே மறுநாளே அந்தத் தெருவில் கூட்டம் போட்டேன். மேசை மேல் ஒரு கண்ணாடி ஜாடி நிறையத் தண்ணீர். "காலையில இதே தெருக் குழாயில புடிச்சது" என்று சொல்லி இரண்டு டம்ளர் குடித்தேன். மூன்றாவது கேட்டு வாங்கினேன். கைதட்டல் அடங்க நேரமானது. ஜாடியை என் வீட்டில், கேன் தண்ணீரில்தான் நிரப்பினேன். என்ஜினீயர் வந்து போன அன்றே வீட்டுக்குக் கேன் வரவழைத்துவிட்டேன். என் மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "நமக்குக் கேன் வந்துருச்சு. அக்காவுக்கு?"

அக்கா அந்தக் கடைசித் தெருவில்தான் இருந்தாள். என்னை விடப் பன்னிரண்டு வயது பெரியவள். அம்மா போன பிறகு எனக்குச் சோறு போட்டதும் அவள்தான், முதுகில் போட்டதும் அவள்தான். மாமா காலமான பின் முன்னறையில் தையல் மெஷின் போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தாள். என் முதல் தேர்தலுக்குக் கொடி தைத்துக் கொடுத்தவள். அவளுக்குக் கேன் அனுப்ப எனக்கு மனமில்லாமல் இல்லை. ஆனால் கவுன்சிலரின் அக்கா வீட்டு வாசலில் கேன் இறங்கினால் தெரு என்ன பேசும் என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள். அவளிடம் விஷயத்தைச் சொல்லவும் முடியாது. அவள் தனக்கு மட்டும் பார்த்துக்கொள்கிற ரகம் இல்லை, வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிடுவாள்.

அதோடு இன்னொரு சிக்கலும் இருந்தது. அவள் ஏற்கனவே தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடித்துக்கொண்டிருந்தாள். மெஷினுக்கு நேர் பின்னால் அடுப்பு. அளவு கொடுக்க வருகிறவர்கள், பட்டன் தைக்க வருகிறவர்கள் எல்லோரும் அடுப்பில் ஆவி பறக்கும் அந்தப் பெரிய அலுமினியக் குண்டானைப் பார்த்தார்கள். கவுன்சிலரின் அக்காவே கொதிக்க வைக்கிறாள் என்று அவர்களும் கொதிக்க வைத்தார்கள். மோட்டார்காரரின் பத்து பாட்டிலை விட அந்த ஒரு குண்டான் எனக்கு அதிக சேதம் செய்துகொண்டிருந்தது. ஒரு மத்தியானம் நேரில் போனேன்.

"அக்கா, அந்தக் குண்டானை இறக்கு."

"வாடை வருதுடா. துணி நனைச்சாக்கூட நாறுது."

"குழாய் கழுவ மருந்து போட்டிருக்காங்க. அந்த வாடைதான். கொதிக்க வச்சா மருந்துதான் வீணாப் போகும்."

மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "நிஜமாவா?"

"உங்கிட்டப் பொய் சொல்வேனா?"

"சொல்ல மாட்டே" என்றாள். எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். அந்த வார்த்தை எனக்கு எவ்வளவு நிம்மதி தந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். கடும் பிரச்சார நேரத்தில் நம்மை நம்புகிற ஒரு ஆளாவது வேண்டும்.

அடுத்த வாரம் அந்தத் தெருவில் வீடு வீடாக ஓட்டு கேட்கும் முறை வந்தது. வீட்டுக்கு வீடு தண்ணீர் நீட்டுவார்கள், குடிக்க முடியாது. தொண்டை கட்டிவிட்டது, டாக்டர் வெந்நீர்தான் குடிக்கச் சொன்னார் என்று ஒரு பிளாஸ்க்கைத் தோளில் மாட்டிக்கொண்டேன். பேசிப் பேசிக் குரல் போய்விட்டதே என்று பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். இருபது வீடு நன்றாகவே போனது.

அக்கா வீட்டு வாசலில்தான் தப்பு நடந்தது. அவள் என் பிளாஸ்க்கைக் கவனிக்காமல் ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்துவிட்டாள். என்னோடு வந்த போட்டோக்காரர் கேமராவைத் தூக்கிவிட்டார். அக்கா கொடுத்த தண்ணீரை வேண்டாம் என்று சொல்கிற படம் மறுநாள் பேப்பரில் வந்தால் நன்றாகவா இருக்கும்? வாங்கினேன். உதட்டில் வைத்துச் சிரித்தேன். படம் எடுத்ததும் டம்ளரை மெஷின் மேல் வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக் கும்பிட்டேன். டம்ளர் விளிம்பு வரை நிறைந்தே இருந்தது. எந்த வீட்டிலும் ஒரு சொட்டு மிச்சம் வைக்காதவன் நான், அதைப் பெருமையாக மேடையிலேயே சொல்லிக்கொள்கிறவன் நான். அந்தத் தெரு அதை மறந்திருக்கவில்லை.

"என்ன கவுன்சிலரே, அக்கா வீட்டுத் தண்ணி உள்ள இறங்கலையா?" என்று எதிர்வீட்டு அம்மாள் கேட்டாள். துணி வாங்க வந்து நின்றவள். விளையாட்டாகத்தான் கேட்டாள், ஆனால் கேட்ட பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அக்கா டம்ளரைப் பார்த்தாள். பிறகு என் தோளில் தொங்கிய பிளாஸ்க்கைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். சின்ன வயதில் நான் கண்ணாடியை உடைத்துவிட்டு நிற்கும்போது பார்ப்பாளே, அதே பார்வை. அவளுக்குப் புரிந்துவிட்டது.

"தொண்டை கட்டின புள்ளைக்குப் பச்சைத் தண்ணியக் கொடுத்தது என் தப்பு" என்றாள். டம்ளரை எடுத்து, அத்தனை பேர் முன்னால் ஒரே மூச்சில் குடித்தாள். கவிழ்த்துக் காட்டினாள். "நல்லாத்தானே இருக்கு."

டம்ளர் என் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது என்று சாட்சி சொல்லியிருக்கிறார்கள். உண்மைதான். தட்டிவிட ஒரு நொடி போதும். ஆனால் நான் கும்பிட்டுக்கொண்டிருந்தேன், இரண்டு கையும் வேலையில் இருந்தன.

அன்று சாயங்காலம் நான் திரும்பி வரும்போது அந்தத் தெருவில் ஒரு அடுப்பிலும் தண்ணீர் கொதிக்கவில்லை. எதிர்வீட்டு அம்மாள் தன் பேத்திக்குக் குழாயிலிருந்தே பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் டம்ளரை உயர்த்திக் காட்டிச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

நான்காம் நாள் ஆஸ்பத்திரியில் அந்தத் தெருவுக்கென்றே ஒரு வார்டு ஒதுக்க வேண்டியதாயிற்று. தினமும் பழங்களோடு போனேன். முனையில் இருந்த பழச்சாறு கடையைப் பூட்டி சீல் வைக்கச் செய்தேன். துரித நடவடிக்கை என்று பத்திரிகையில் பாராட்டி எழுதினார்கள். கடைக்காரர் என் காலில் விழுந்து, "என் குடும்பமும் இதே தண்ணிதான் சார் குடிக்குது" என்றார். அதைத்தான் சொல்ல வேண்டாம் என்றேன். எதிர்வீட்டு அம்மாளின் பேத்திதான் முதலில் போனாள். பிறகு இரண்டு முதியவர்கள். மருந்தும் வைத்தியமும் சரியாகத்தான் நடந்தன, யாரையும் குறை சொல்வதற்கில்லை. எங்கிருந்து வந்த நோய் என்று டாக்டர் என்னைக் கேட்டபோது, வெயில் காலம் என்று சொன்னேன்.

அக்காவும் அதே வார்டில்தான் படுத்திருந்தாள். வாக்குப் பதிவு நாளன்று காலையில் ஆள் அனுப்பினாள், ஓட்டுப் போட வேண்டும், வந்து கூட்டிப் போ என்று. டாக்டர் கூடாது என்றார். என் பொறுப்பில் கூட்டிப் போவதாகக் கையெழுத்துப் போட்டேன். சக்கர நாற்காலியில் அவளை நானே தள்ளிக்கொண்டு போனேன். வரிசையில் நின்றவர்கள் கண் கலங்கி வழி விட்டார்கள். மோட்டார்காரர் கூட வந்து, "ஏம்மா இந்த உடம்போட?" என்றார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னாள். நான் தள்ளி நின்றேன், காதில் விழவில்லை.

திரும்பும்போது காரில் அவளுக்கு நாக்கு வறண்டது. என் பிளாஸ்க்கைத் திறந்து நீட்டினேன்.

"இது கொதிக்க வச்சதா?" என்றாள்.

"ஆமாக்கா."

"எனக்கு வேணாம். நீயே வச்சுக்கோ." கொஞ்ச தூரம் போனதும், "ஜெயிச்சதும் ரோட்டைத் தோண்டிடுவேல்ல?" என்றாள்.

கடிதத்தைப் பற்றி நான் அவளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அது அவள் தலைக்கு மேலே, வெயில் தடுப்புக்குப் பின்னால் இருந்தது. "தோண்டிடறேன்க்கா" என்றேன். அதன் பிறகு அவள் என்னிடம் எதுவும் பேசவில்லை. வாக்கு எண்ணுவதற்கு முதல் நாள் போய்விட்டாள். நான் அழுதேன். போட்டோக்காரர் வருவதற்கு முன்பே அழுதேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஜெயித்தேன். உடனே ஏன் தோண்டவில்லை என்று கேட்கிறீர்கள். அந்த ரோட்டைத் திறந்து வைக்க அமைச்சர் தேதி கொடுத்திருந்தார். பதினெட்டு நாள்தானே என்று பார்த்தேன். அதற்குள் இன்னும் ஐந்து பேர். இதில் நான் மறுக்கிற மாதிரி எதுவும் இல்லை. தண்ணீர் கெட்டது தெரியும், தெரிந்தே நல்ல தண்ணீர் என்று சொன்னேன், சொன்னதை நம்ப வைத்தேன், மொத்தம் ஒன்பது பேர். கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். நான் அக்காவை ஏமாற்றிக் கொன்றதாக இதில் எழுதியிருக்கிறது. அவளுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் அந்த உடம்போடு எழுந்து வந்து எனக்குத்தான் ஓட்டுப் போட்டாள். அவளே மன்னித்த பிறகு இதில் விசாரிக்க என்ன இருக்கிறது? அவள் தெருவின் வாக்குச்சாவடியில் எனக்கு ஒரு ஓட்டுக்கூட விழவில்லை என்று அந்தத் தாளைக் காட்டுகிறீர்கள். எண்ணியவர்கள் சரியாக எண்ணியிருக்க மாட்டார்கள்.