காருக்குத் தேய்த்த சோப்பு

செவ்வாப்பேட்டையில் ரயில் ஏறிய கணவனும் மனைவியும் என் எதிரே உட்கார்ந்தார்கள். மனைவி கேட்ட கேள்வியில் இயர்போனைக் கழற்றிவிட்டேன்.

"என் சோப்பையாய்யா காருக்குத் தேய்ச்ச?"

"தகட்ட கையால அடிச்சு செய்யிற கார் பாடி, மே அது. அலுமினியம் சூடானா செவக்காது, திடீர்னு உருகிடும். தகட்டு மேல சோப்பு தேய்ச்சு சூடு காட்டி, சோப்பு கறுத்ததும் நிறுத்திடணும். அப்பத்தான் தகடு வளையும்."

"அப்புறம் மட்கார்டுல எப்பிடி ஓட்ட வுழுந்துச்சு?"

"சோப்பு பத்தல. ஓரத்துல தேய்க்காம வுட்டுட்டேன்."

"ஊட்ல புதுசு இருந்துச்சே?"

"அது நீ ஆசையா வாங்கினது. கரைஞ்ச துண்டதான் எடுத்துனு போனேன். இன்னும் ஒரு தகடுதான் கீது. அதுவும் போச்சுன்னா கார் ஓனரு வண்டிய வேற பட்டறைக்கு எடுத்துனு பூடுவாரு."

மனைவி தன் கைப்பையைத் திறந்து, உறை பிரிக்காத அந்தச் சோப்பைக் கணவன் மடியில் வைத்தார்.

"இன்னிக்கு மூலமுடுக்கெல்லாம் தேய். கறுக்குதான்னு நான் கூட நின்னு பாக்குறேன்."