அழுகிறார், அருகில் இருந்தேன்

அந்த நாற்காலி ஆடும், ஐயா. சுவர்ப் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டால் ஆடாது. தரை அங்கேதான் சமமாக இருக்கிறது. எழுத வேண்டியவர் நீங்கள், வசதியாக உட்காருங்கள்.

என் பெயர் மேரிராணி. இந்த மிஷன் ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டு நர்ஸ். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. என் வேலை எப்படி என்று டாக்டர் ஐயாவைக் கேட்டால் சொல்லுவார். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நிற்கிறார். பரவாயில்லை, நானே சொல்கிறேன்.

அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். போன வருஷம்தான் இங்கே வந்தார். அதற்கு முன்னால் நாங்கள் கேஸ் ஷீட்டில் காய்ச்சல், நாடி, மலஜலம் தவிர வேறெதுவும் எழுதியதில்லை. வந்த புதிதில் நர்ஸ்களை எல்லாம் கூப்பிட்டுச் சொன்னார்: "வயசானவங்க வீட்ல ஒருத்தர் போயிட்டா அந்தத் துக்கமும் ஒரு நோய்தான் சிஸ்டர். சாப்பிட்டாங்களா, தூங்கினாங்களா, அழுதாங்களா, அவங்க என்ன கேட்டாங்க, நீங்க என்ன பதில் சொன்னீங்க, எல்லாத்தையும் எழுதணும்."

மற்றவர்கள் வெளியே வந்து சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என் புருஷன் அருள்ஜோசப் தங்க வயலில் சுரங்க வேலை பார்த்தவர். பாறை சரிந்து இறந்தார். அடக்கம் முடித்து டியூட்டிக்குத் திரும்பியபோது, அப்போதிருந்த மேட்ரன் என் கண்களைப் பார்த்துவிட்டு, "துக்கத்தை வார்டுக்குள்ளே கொண்டு வராதே, நோயாளிகள் பயந்துபோவார்கள்" என்றாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வேலையைப் பார்த்தேன். அன்றைக்குக் கழுவிய முகம்தான் இது. அந்த அம்மாள் இப்போது கப்பலேறித் தன் ஊருக்குப் போய்விட்டாள். இருந்திருந்தால் அவளையும் இங்கே உட்காரவைத்து இதைக் கேட்கச் சொல்லியிருப்பேன்.

மங்கம்மாவைப் பற்றித்தானே கேட்டீர்கள்? வருகிறேன்.

அந்த அம்மாளும் அவள் புருஷன் சென்னகிருஷ்ணனும் பேரிகைச் சந்தையிலிருந்து திரும்பும்போது, இறக்கத்தில் மாடு மிரண்டு வண்டி குடைசாய்ந்துவிட்டது. அவளுக்குத் தொடை எலும்பு முறிவு. காலில் கனம் கட்டித் தொங்கவிட்டுப் படுக்கையோடு போட்டிருந்தோம். அவருக்கு வெளியே காயமே இல்லை, உள்ளே அடி. ஆண்கள் வார்டில் இருந்தார். இரண்டு பேருக்கும் பிள்ளை குட்டி கிடையாது. வேப்பனப்பள்ளியில் மாந்தோப்பு வைத்திருக்கிற மங்கம்மாவின் தங்கை வெங்கடம்மாள் மட்டும் வந்துபோவாள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். நான் தங்க வயலில் வளர்ந்தவள், எனக்கும் தெலுங்கு வரும். டாக்டருக்கு வராது. அதனால் அவர் என்னையே நம்பியிருந்தார்.

சென்னகிருஷ்ணனுக்கு உடம்பு மோசமானபோது டாக்டர்தான் சொன்னார்: "அந்தம்மாகிட்ட இப்ப சொல்ல வேண்டாம். நல்லா இருக்கார்னே சொல்லிவைங்க." சொன்னேன். அன்றைக்கு ஆண்கள் வார்டு நர்ஸ் வராததால் அந்த வார்டையும் நான்தான் பார்த்தேன். இடையில் ஒருமுறை மங்கம்மாவிடம் வந்து, ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போகச் சொல்லட்டுமா, புருஷனைப் பார்க்கிறீர்களா என்று கேட்டேன்.

"அசைஞ்சா காலு உசுரு போவுது நர்சம்மா. அவுருதான் நல்லா இருக்கறாரே. நாளைக்குப் பாத்துக்கறன்" என்றாள்.

சாயந்திரத்துக்குள் அவர் போய்விட்டார்.

செய்தியை நான்தான் சொன்னேன். அழுதாள். சாதாரண அழுகை இல்லை, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒப்பாரி. கட்டிய கனத்தோடு எழுந்திருக்கப் பார்த்தாள். நான் முக்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கேஸ் ஷீட்டில் எழுதினேன்: அழுகிறார், அருகில் இருந்தேன், கையைப் பிடித்துக்கொண்டேன். தினமும் எழுதினேன். அவள் புருஷனைப் பற்றி என்னென்ன சொன்னாள், நான் என்ன சொன்னேன், எல்லாம். டாக்டர் அதைப் பயிற்சி நர்ஸ்களுக்கு வாசித்துக் காட்டி, "இப்படித்தான் எழுதணும்" என்றார்.

அவள் அழும்போது நானும் அழுதேன், ஐயா. யாரும் முகத்தைக் கழுவிக்கொள்ளச் சொல்லவில்லை. அது என் வேலை ஆகிவிட்டது. நாள் முழுக்க அந்த முக்காலியை நினைத்துக்கொண்டுதான் மற்றக் கட்டில்களைப் பார்த்தேன்.

பிறகு ஒரு காலையில் போனால், அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். தங்கை கூடையில் மாம்பழம் கொண்டுவந்திருந்தாள். சாறு முழங்கை வரை வழிய ஒன்றைச் சப்பிக்கொண்டு, பக்கத்துக் கட்டில்காரியிடம் ஏதோ குரங்குக் கதை சொல்லி அப்படி ஒரு சிரிப்பு. என்னைப் பார்த்து, "நர்சம்மா, நீயும் ஒண்ணு எடுத்துக்க" என்றாள். "போனவரு போயிட்டாரு. காலு கூடிட்டா நான் இவ தோட்டத்துக்குப் போயிடுவன். காவலுக்கு ஒரு கட்டில் போட்டுத் தர்றாளாம்."

நன்றாகச் சாப்பிட்டார், சிரித்தார் என்று எழுதினேன். டாக்டர் அதற்குக் கீழே 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. கோபம் என்றே எழுதிக்கொள்ளுங்கள், வருத்தம் என்று மாற்ற வேண்டாம். புருஷனோடு நாற்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்தவள் அவள். நானோ இரண்டு வருஷம்கூட வாழவில்லை. எனக்கு இன்னும் தீராதது, அவளுக்கு ஒரு கூடை மாம்பழத்தோடு தீர்ந்துவிட்டது. அது ஆரோக்கியம் இல்லை, ஐயா. துக்கம் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். வெளியே கொண்டுவர வேண்டியது நர்ஸின் பொறுப்பு.

அன்று மத்தியானம் உடம்பு துடைத்துவிடும்போது, "உங்களைக் கேட்டார்" என்றேன்.

அவள் என் பக்கம் தலையைத் திருப்பினாள். "யாரு?"

"உங்க வீட்டுக்காரர். கடைசி நாள். வாசல் பக்கமே பார்த்துக்கிட்டிருந்தார். நீங்க வருவீங்கன்னு நெனச்சார்."

"நல்லா இருக்கறாருன்னு நீதான சொன்ன?"

"மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு சொன்னேன். கட்டினவளுக்குத் தெரியாதா என்ன?"

அவள் அழுதாள். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் இன்னும் கொஞ்சம் சொன்னேன். மங்கி, மங்கி என்று கூப்பிட்டார் என்றேன். அந்தப் பேரை அவர் சொல்லிக் கேட்டிருந்தேன், அதனால் அவள் சந்தேகப்படவில்லை. அவளுக்குக் கால் வலிக்கிறதாம், நாளைக்கு வருகிறாளாம் என்று அவரிடம் சொன்னேன் என்றும், அதைக் கேட்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார் என்றும் சொன்னேன். திரும்பியவர் பிறகு திரும்பவே இல்லை என்றேன். அன்றைக்கு ராகிக் களியைத் தள்ளிவிட்டாள். அதற்கு அடுத்து கஞ்சியையும்.

உணவை மறுக்கிறார், கணவரை நினைத்து அழுகிறார் என்று கேஸ் ஷீட்டில் எழுதினேன். இதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. டாக்டர் குளுக்கோஸ் ஏற்றச் சொன்னார், மூக்கு வழியாகக் குழாய் போட்டுப் பால் கொடுக்கச் சொன்னார். அவள் பிடுங்கி எறிந்தாள். கடைசியில் அவர் என்னிடம் வந்து, "நீங்க பேசினா கேப்பாங்க சிஸ்டர். கூட இருந்து பேசுங்க" என்றார். பேசினேன்.

அந்தச் சமயத்தில் அவள் எவ்வளவு மெலிந்தாள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. முதுகில் புண் வந்தது. அந்தப் புண்ணை என்னைப் போல யாரும் சுத்தம் செய்திருக்க மாட்டார்கள்.

தங்கை வந்தாள். மங்கம்மா அவளிடம், "நான்தான் அவுர கொன்னுட்டன்" என்று சொல்லியிருக்கிறாள். எப்படி என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, வெங்கடம்மாள் நேரே ஆண்கள் வார்டுக்குப் போய்விட்டாள். அங்கே வேலை பார்க்கும் வெங்கடசாமி, சென்னகிருஷ்ணன் சாகும்போது கட்டில் கால்மாட்டில் நின்றவன். அவனுக்கும் தெலுங்கு தெரியும். அதை நான் யோசிக்கவில்லை.

அவள் வராந்தாவில் என்னை மறித்துக்கொண்டாள். "எங்க மாமா அப்படியெல்லாம் சொல்லவே இல்லியாமே. அவுரு சொன்னத நீ ஏன் எங்கக்காகிட்ட சொல்லல?"

நீங்களும் அதைத்தான் கேட்கிறீர்கள். அவர் சொன்னது இதுதான்: "மங்கிகிட்ட நான் நல்லா இருக்கறன்னே சொல்லும்மா. காலு கூடினதும் தங்கச்சி வீட்டுக்குப் போவட்டும். பட்டினி கெடந்து அழுவ வேணாம்னு சொல்லு." சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியிலேயே இறந்தார். யாரையும் தேடவில்லை. வாசலைப் பார்க்கவில்லை.

என் புருஷன் எனக்கு ஒரு வார்த்தை விட்டுப் போகவில்லை. இவளுக்கு மூன்று வார்த்தை. அதுவும் சாப்பிடச் சொல்லி. எடுத்துக் கொடுத்திருந்தால் அன்றைக்கே கண்ணைத் துடைத்துக்கொண்டு தோட்டத்துக் கட்டிலைப் பற்றிப் பேச ஆரம்பித்திருப்பாள்.

வெங்கடம்மாள் உள்ளே போகப் பார்த்தாள். "இப்பவே சொல்றன், எழுந்து உக்காந்து சாப்புடுவா" என்றாள். அது உண்மைதான் என்று எனக்குத் தெரியும். சாப்பிடுவாள், சிரிப்பாள். அக்கா இப்போதுதான் கண் அசந்தார், ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். நல்ல பெண், கேட்டுக்கொண்டு போனாள்.

மருந்து அலமாரிச் சாவி என்னிடம்தான் இருக்கும். மார்பியா எடுத்தேன். வலிக்கு டாக்டர் எழுதிவைத்திருந்த அளவு இல்லை, அந்த உடம்பு தாங்காத அளவு. மங்கம்மா விழித்துத்தான் இருந்தாள்.

"எதுக்கு ஊசி?"

"தூங்கறதுக்கு."

"அவுரு இன்னும் எதுனா சொன்னாரா நர்சம்மா?"

"சொல்லலை" என்றேன். குத்தினேன். கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசி மூச்சு வரை புருஷனை நினைத்துக்கொண்டே போனாள். எத்தனை பெண்களுக்கு அது வாய்க்கிறது? காபி குடித்துவிட்டுத் தங்கை வந்தபோது கை இன்னும் சூடாகத்தான் இருந்தது.

மருந்தின் பெயர், அளவு, நேரம் மூன்றையும் கேஸ் ஷீட்டில் எழுதி, கையெழுத்தும் போட்டிருக்கிறேன். மறைத்து எழுதுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. கொன்றேனா என்று கேட்டால், ஆமாம், நான்தான். அதில் தகராறு இல்லை.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? இங்கேயா?

ஒன்று மட்டும், ஐயா. டாக்டர் ஐயா திரும்ப மாட்டேன் என்கிறார், அதனால் உங்களிடம் சொல்கிறேன். ஆண்கள் வார்டில் நாராயணப்பன் என்று ஒரு கிழவர் இருக்கிறார். நேற்று அவர் சம்சாரம் ஊரில் இறந்துவிட்டது. செய்தி சொல்லியாயிற்று. ஆனால் இன்றைக்குக் காலையில் கஞ்சியை முழுக்கக் குடித்துவிட்டு வெற்றிலை கேட்டாராம். இன்னும் ஒரு சொட்டு அழவில்லை. என்னை அழைத்துப் போவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் அங்கே விடுங்கள். யாராவது அவரோடு உட்கார்ந்து பேச வேண்டும்.